அட்டன் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் நிலையம்: எங்களைத் திருப்பி அனுப்பியவர்கள்

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகவிருந்த தங்கையை அழைத்துக்கொண்டு, கடந்த ஆடி மாதம் அட்டன் நகரிலுள்ள முகவர் நிலையமொன்றுக்குச் சென்றேன். அவளுடைய இளைய மகனுக்கு அப்போது பதினெட்டு மாதம். இரண்டு வயது நிறையாத பிள்ளையுள்ள தாய் வெளிநாட்டு வேலைக்குப் போவதை நமது இலங்கை அரசாங்கம் அனுமதிப்பதில்லை. முன்பு ஐந்து வயதாக இருந்த அந்த வரம்பு 2022 இல்தான் தளர்த்தப்பட்டது. விசிட் விசாவில் டுபாய்க்குப் போய் அங்கிருந்து வேலை விசாவுக்கு மாறிக்கொள்ளலாம், பிள்ளையைப் பற்றி எவரும் கேட்கமாட்டார்கள் என்று தோட்டத்துக்கு வந்துபோகும் தரகர் ஒருவர் லயத்து வாசலில் நின்றபடியே கடவுச்சீட்டைக் கேட்டதால், மனம் கேளாமல் புறப்பட்ட பயணம் அது.

முகவர் நிலையத்தில் இருந்த அம்மா கடவுச்சீட்டைக் கேட்கவில்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைத்தான் கேட்டார். அதை மேசையில் விரித்து, திகதியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, சுவர் நாட்காட்டியில் மாதங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "இப்போது பதிய முடியாது, தங்கச்சி" என்றார். அரசாங்கத்தின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனால் காப்புறுதி கிடையாது என்பதையும், சம்பளம் நின்றுபோனால் தூதரகத்தில் காட்டுவதற்கு உடன்படிக்கை இராது என்பதையும் அவசரப்படாமல் விளக்கினார். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் என்ற பெண் 2005 இல், பிறந்த திகதி மாற்றப்பட்ட கடவுச்சீட்டுடன், பதினேழு வயதில் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டதும், 2013 ஜனவரி 9 ஆம் திகதி அங்கு மரணதண்டனையாகத் தலை வெட்டப்பட்டதும் என் மனதை விட்டு அகலாதவை. ஆகவே, வயதையும் திகதியையும் இப்படிக் கவனித்துப் பார்க்கும் இடத்தை நான் மதிக்கிறேன். சுவரில் மாட்டியிருந்த அனுமதிப்பத்திரத்தின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து உறுதிப்படுத்திய பின்னரே எனக்கு நிம்மதி வந்தது.

குறைகளும் உண்டு. மாதிரி உடன்படிக்கை அரபியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. ஓய்வு நாள் பற்றிய பகுதியை இரண்டு முறை கேட்ட பின்னரே வாசித்துச் சொன்னார்கள். கொழுந்து எடுத்து வளர்ந்த பெண்ணொருத்தி தான் கையொப்பமிடுவதைத் தன் மொழியில் வாசிக்க முடியாமலிருப்பது பெரிய அநியாயம். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பிள்ளையைக் கிடத்தக்கூட இடமில்லை. பணம் மட்டும் ஒரு சதமும் கேட்கவில்லை.

தை மாதம் மகனுக்கு இரண்டு வயது நிறைகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப்போகும் எங்கள் அம்மாவுக்கான பத்திரங்களைப் பிரதேச செயலகத்தில் எடுத்துக்கொண்டு, இதே நிலையத்துக்குத்தான் போவோம். இம்முறை தமிழ்ப் பிரதியைக் கையில் தந்த பிறகுதான் தங்கை கையொப்பமிடுவாள்.