படுத்த படுக்கையானவர் வீட்டுக்கு யார் போவது? மூன்று வழிகள்

பக்கவாதமோ முற்றிய புற்றுநோயோ வந்து ஒருவர் மாதக்கணக்கில் கட்டிலோடு கிடக்கிறார். படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும், சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும், வலிக்கு மார்ஃபின் வேண்டும். அதோடு முடிந்ததா? பார்த்துக்கொள்ளும் மனைவி கூலி வேலையை விட்டிருப்பார், பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தியிருப்பான், உதவித்தொகை மனு ஏதோ ஒரு மேசையில் தூங்கும். ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று ஒவ்வொரு துறையும் சொல்லலாம். அதில் நியாயமும் இருக்கும்.

இந்த வீட்டுக்கு அரசு மூன்று விதமாகப் போகலாம்: தனியாரிடம் ஒப்பந்தம் விடலாம், தன் துறை வழியாகவே ஆள் அனுப்பலாம், அல்லது ஊராட்சி, மருத்துவமனை, தொண்டர்கள் என்று பலரும் சேர்ந்த வலைப்பின்னலிடம் விடலாம்.

ஒப்பந்தத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் அப்படித்தான் ஓடுகிறது. அழைப்பு எப்போது வந்தது, வண்டி எப்போது போய்ச் சேர்ந்தது என்று அங்கே அளந்துவிடலாம். நோயாளி பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவதை டெண்டரில் எப்படி எழுதுவது? வீட்டுக்கு இவ்வளவு என்று காசு வைத்தால், கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

துறைவழிக்கு நல்ல உதாரணம் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் பிரஷர், சுகர் பார்க்கும் கருவிகளோடு வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார். மேலிருந்து ஓர் உத்தரவு வந்தால் மாநிலம் முழுக்க வேலை நடக்கும். தவறினால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும். பிரஷருக்கும் சுகருக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் படுக்கையில் கிடப்பவருக்கு? நோய்த்தணிப்புச் செவிலியர், அதாவது தீராத நோயில் வலியையும் அவதியையும் குறைப்பவர், ஊருக்கு ஒருவர் இல்லை, வட்டாரத்துக்கு ஒருவர். நம் ஊராட்சி ஒன்றியங்களின் பரப்பு தெரிந்தவர்களுக்குக் கணக்கு புரியும்.

மூன்றாவது வழியான வலைப்பின்னலுக்கு உதாரணம் கேரளம். அந்தக் கதை 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்குகிறது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலானோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். நடக்க முடியாதவர் புறநோயாளிப் பிரிவுக்கு எப்படி வருவார்? அதனால் மலப்புறம் பக்கத்து ஊர்களில் அக்கம்பக்கத்தாருக்கே பயிற்சி கொடுத்தார்கள். 2008-ல் மாநில அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. ஊராட்சிகள் செவிலியரை நியமித்துச் சம்பளம் கொடுக்கத் தொடங்கின.

ஒரு வீட்டில் வேலை நடப்பதைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். செவிலியர் புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவார். கூட வந்த தொண்டர் அதற்குள் அடுப்படியில் மனைவியோடு பேசி, அரிசி இருக்கிறதா, பையன் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று விசாரித்துவிடுவார். சாயங்காலமே வார்டு மெம்பருக்குப் போன் போகும். இதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

குறைகளும் சின்னவை அல்ல. ஒரே நோயாளி வீட்டுக்கு இரண்டு குழுக்கள் போகலாம், அடுத்த தெருவுக்கு யாருமே போகாமலும் இருக்கலாம். புகார் என்றால் எல்லாரும் பொறுப்பு, அதாவது யாரும் பொறுப்பில்லை. இந்தக் குழுக்களையெல்லாம் ஒரே பட்டியலில் கொண்டுவர 2025-ல் ‘கேரளா கேர்’ என்று ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. அப்புறம் மார்ஃபின். 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியை எந்தத் தொண்டராலும் தளர்த்த முடியாது; 2014-ல் நாடாளுமன்றம்தான் திருத்தியது.

என் ஓட்டு, படுக்கை நோயாளிகளைப் பொறுத்தவரை, வலைப்பின்னலுக்குத்தான். ஆனால் ‘கேரளாவில் மக்கள் மனசு அப்படி’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்களே, அதை நான் ஏற்கவில்லை. அங்கே 1996-ல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. நல்ல மனசு தமிழ்நாட்டு ஊர்களிலும் இருக்கிறது. இல்லாதது, செவிலியருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க ஊராட்சியின் கையில் பணம்.