கட்டியா, இயல்பான தசைமேடா: எக்கோவுக்குப் பின் எந்தச் சோதனை?

'வலது மேலறையில் கட்டி, மிக்சோமாவாக இருக்கலாம்' என்று, இதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் எக்கோ சோதனையின் அறிக்கையில் இருந்த ஒரு வரி, செங்கோட்டையில் இருக்கும் என் அத்தையை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. மிக்சோமா என்பது இதயத்துக்குள் வளரும், புற்றுநோயல்லாத ஒரு கட்டி. மதுரைக்குப் போவதா, ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரம் போவதா என்று வீட்டில் பேசினோமே தவிர, அடுத்து எந்தச் சோதனை என்று யாரும் கேட்கவில்லை.

வலது மேலறையின் சுவரில், மேற்பெருஞ்சிரையின் வாயிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரையை நோக்கி, கிரிஸ்டா டெர்மினாலிஸ் என்னும் தசைமேடு எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு அது தடித்திருக்கும். நீண்ட வரப்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மண்திட்டாகத் தெரிவதுபோல, எக்கோவின் ஒற்றைத் தளத்தில் அது உருண்டையாகத் தெரிந்துவிடும். இடது மேலறையிலும் இப்படி ஒரு மேடு உண்டு. அதை ரத்தக்கட்டி என்று எண்ணி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைக் கொடுத்த காலம் இருந்ததால், அதற்கு வார்ஃபரின் மேடு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அனுபவமுள்ளவர் மீண்டும் எடுக்கும் எக்கோதான் செலவு குறைந்த வழி. கருவியைத் திருப்பத் திருப்ப உருண்டை நீண்டு வரப்பாக மாறினால், பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். ஆனால் உடல் பருத்தவர்களுக்கும் நுரையீரல் நோயுள்ளவர்களுக்கும் படம் தெளிவாக விழாது. உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ இடது மேலறைக்கு நேர் பின்னாலிருந்து பார்ப்பதால், அந்தப் பக்கத்துச் சந்தேகத்துக்கு அதையே நான் முதலில் சொல்வேன். பட்டினி இருந்து, தொண்டையை மரத்துப்போகச் செய்து குழாயை விழுங்க வேண்டும் என்பதே அதன் சிரமம். சி.டி. விரைவில் முடியும், கொழுப்பையும் சுண்ணாம்புப் படிவையும் நன்றாகக் காட்டும்; கதிர்வீச்சு உண்டு, சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சாய மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

திசு எது என்பதே கேள்வியானால் எம்.ஆர்.ஐ.க்கே என் வாக்கு. தசைமேடு எல்லாப் படங்களிலும் இதயத் தசையின் சாயலிலேயே இருக்கும். ரத்தக்கட்டி பெரும்பாலும் சாய மருந்தை ஏற்காது. கொழுப்பை அடக்கி எடுக்கும் படத்தில் கொழுப்புத் திரட்சி கறுத்துவிடும். செலவு அதிகம், குறுகிய குழலுக்குள் மூச்சடக்கி நெடுநேரம் படுத்திருக்கவும் வேண்டும்.

அத்தை அதற்கும் சம்மதித்தார். படங்களைப் பார்த்த திருவனந்தபுரத்து டாக்டர் மலையாளத்தில் 'முழயல்ல', அதாவது கட்டியல்ல, என்றார். எங்கள் ஊர்க்காரருக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அடுத்து எக்கோ எடுப்பவரும் கட்டி என்று எழுதிவிடக் கூடாதே என்று, அதை எழுத்தில் கேட்டு வாங்கி மஞ்சள் பையில் வைத்திருக்கிறார் அத்தை.