32 டிகிரி வீட்டில் சிவப்பு ஒயின்: எட்டு வருட அனுபவம்

மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிப் பல வருடமாகிவிட்டது. நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறோம். சுற்றிலும் செம்பனை. மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குள்ளேயே 32 டிகிரி இருக்கும். இந்த வெக்கையில் சிவப்பு ஒயினை எப்படி வாங்குவது, எங்கே வைப்பது, எந்த விலையில் மனசுக்குப் பிடித்த ருசி கிடைக்கும் என்று நானாகப் பழகித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

2016 தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து மச்சான் ஒரு போத்தல் கொண்டுவந்தார். அதில் தொடங்கியது. அதற்கப்புறம் எட்டு வருடம், மாதத்துக்கு இரண்டு போத்தல். ஒவ்வொன்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். விலை, வாசம், எந்தச் சாப்பாட்டோடு குடித்தோம், மறுபடி வாங்கலாமா என்று நாலு வரி. நான் செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். எண்ணெய் லேசாகச் சிக்கெடுத்தாலும் மூக்கு சொல்லிவிடும். அந்தப் பழக்கம் இதற்கும் உதவியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் தோட்டத்தில் வளர்ந்தவன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கள்ளுக்கடை. பிறகு சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. சம்பள நாள் ராத்திரி எந்த வீட்டில் பாத்திரம் பறக்கும் என்பது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். என் மாமனார் சம்சுவால்தான் போனார். அதனால் நான் ஒயின் வாங்கப் போகிறேன் என்றதும் மனைவி யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தார். "சாப்பாட்டோட மட்டும். ஆளுக்கு ஒரு கிளாஸ். ஒரே நாள்ல போத்தல் காலியாகக் கூடாதுங்க" என்றார். இன்றுவரை அப்படித்தான். 750 மில்லி போத்தலில் ஐந்து கிளாஸ் வரும். இரண்டு பேர் குடித்தால் மூன்று நாள் ஓடும். ஒரே ஒயினை மூன்று நாள் தொடர்ந்து ருசி பார்ப்பதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. மகனுக்கு 19 வயது. நம் நாட்டில் மது வாங்க 21 ஆக வேண்டும், 2017 கடைசியிலிருந்து அதுதான் சட்டம். வீட்டிலும் அதையேதான் கடைப்பிடிக்கிறோம்.

முதல் ஒரு வருடம் வீணாய்ப் போனது. சிவப்பு ஒயினை ஐஸ் பெட்டியில் (குளிர்சாதனப் பெட்டியில்) வைக்கக் கூடாது, அறை வெப்பத்தில்தான் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினேன். எந்தப் போத்தலைத் திறந்தாலும் மூக்கைச் சுடும் ஒரு சாராய நெடி, நாக்கில் ஒரு தடிப்பு. எனக்கு ஒயின் ஒத்துவராது என்றே நினைத்தேன். அவர்கள் சொன்ன அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை என்பது பிறகுதான் புரிந்தது. அங்கே 16 முதல் 18 டிகிரி. நம் வீட்டு அறை அதற்கு இரண்டு மடங்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் சோதித்துப் பார்த்தேன். ஷிராஸ் என்ற திராட்சையில் செய்த ஒயின், ஒரே போத்தலிலிருந்து இரண்டு கிளாஸ். ஒன்று மேசைமேல் இருந்தது, வெப்பமானியை வைத்தால் 30. இன்னொன்றை மூடி ஐஸ் பெட்டியில் வைத்து 17 வந்ததும் எடுத்தேன். மனைவியிடம் எதுவும் சொல்லாமல் இரண்டையும் நீட்டினேன். முதலாவதை முகர்ந்ததுமே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இரண்டாவதை இரண்டு மடக்கு குடித்துவிட்டு, "இது வேற ஒயின், விலை கூடவா?" என்றார். போத்தல் 52 வெள்ளி (ரிங்கிட்), இரண்டும் அதிலிருந்து ஊற்றியதுதான். அன்றிலிருந்து திறப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போத்தல் ஐஸ் பெட்டிக்குப் போய்விடும். ஊற்றின பிறகு நம் ஊர்ச் சூட்டுக்குப் பத்து நிமிடத்தில் அதுவே ஏறிவிடும், அதனால் கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்திருந்தாலும் கெடுதலில்லை. கிளாஸில் பாதிக்குக் கீழே ஊற்றுங்கள்.

வாங்கும்போதும் சூட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒரு கடையில் சலுகை விலையில் இரண்டு போத்தல் வாங்கினேன். கடை வாசலில் அட்டைப் பெட்டியோடு வெயில்படும் இடத்தில் அடுக்கியிருந்தார்கள். நான் அதை யோசிக்கவில்லை. வீட்டில் மேலுறையைக் கிழித்தால், தக்கை கழுத்துக்கு மேலே ஒரு நெல்லளவு எழும்பி நிற்கிறது. அதைச் சுற்றி ஒயின் கசிந்து காய்ந்த பழுப்பு வளையம். ஊற்றிப் பார்த்தால் பழ வாசமே இல்லை. வெல்லப்பாகு அடிப்பிடித்த மாதிரி ஒரு வாசம், அவ்வளவுதான். சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது. இரண்டையும் தொட்டியில் கொட்டினேன். இப்போதெல்லாம் ஏர்கோன் ஓடும் கடையில், வெளிச்சம் நேராகப் படாத தட்டிலிருந்துதான் எடுப்பேன். தக்கைக்குப் பதில் திருகு மூடி போட்டது கிடைத்தால் அதையே வாங்குவேன். திருகு மூடி என்றால் மட்டமான ஒயின் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நல்ல ஒயின்களுக்கே அதைத்தான் போடுகிறார்கள்.

ருசிக்கு வருவோம். பலருக்கு முதல் மடக்கிலேயே பிடிக்காமல் போவதற்குக் காரணம் அந்தத் துவர்ப்பு. இதை நாம் சின்ன வயதிலிருந்தே அறிவோம். தே ஓவில், அதாவது பால் ஊற்றாத தேநீரில், சீனி போடாமல், தூளை அரைமணி நேரம் ஊறவிட்டுக் குடித்துப் பாருங்கள். ஈறு வறண்டு நாக்கு சொரசொரக்கும். அதுதான் டானின். ஒயினில் அது திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது, நிறமும் தோலிலிருந்துதான். தேநீரில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குகிறதே, பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால்தான். ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு துவர்ப்பான கபர்னே சாவிஞோன் திராட்சை ஒயின் குடித்தால் அது இதமாகிவிடுவதும் இதனால்தான். ஆனால் பிரட்டலில் காரம் குறைவாக இருக்க வேண்டும். மிளகாய் ஏறினால் ஆல்கஹாலும் டானினும் சேர்ந்து வாயில் நெருப்பு வைத்துவிடும். காரமான கோழி வருவல் அன்றைக்குத் துவர்ப்புக் குறைந்த காமே திராட்சை ஒயின், அதாவது பிரான்சின் போஜொலே, 13 டிகிரிக்குக் குளிர வைத்துக் குடிப்போம். ரசத்தோடு எந்த ஒயினும் சேரவில்லை. முயற்சியை விட்டுவிட்டேன்.

இனி விலை. நான் கொடுத்த விலைகளைத்தான் சொல்கிறேன், கடைக்குக் கடை மாறும்.

45 வெள்ளிக்குக் கீழே வாங்கியவற்றில் பெரும்பாலானவை என் நோட்டில் "வேண்டாம்" என்றே முடிகின்றன. ஒன்று இனிப்பைக் கூட்டியிருக்கும், இல்லையென்றால் தண்ணீராக இருக்கும். இதற்கு ஒரு கணக்கு உண்டு. மலேசியாவில் ஒயினுக்கான கலால் வரி விலையை வைத்து வருவதில்லை, அதிலுள்ள ஆல்கஹாலின் அளவை வைத்து வருகிறது. மலிவான போத்தலுக்கும் நல்ல போத்தலுக்கும் அந்த வரி ஏறக்குறைய ஒன்றுதான். கப்பல் கூலியும் கண்ணாடியும் அப்படியே. ஆகவே மலிவான போத்தலில் நாம் கொடுக்கும் காசில் ஒயினுக்குப் போவது மிகக் கொஞ்சம். இருபது வெள்ளி கூடக் கொடுத்தால் அந்த இருபதில் கூடுதல் பங்கு ஒயினுக்குப் போகிறது.

50 முதல் 75 வெள்ளிக்குள்தான் நான் அதிகம் வாங்கினேன். ஆஸ்திரேலியாவின் ஜேக்கப்ஸ் கிரீக் ஷிராஸ் எப்போதும் ஏமாற்றியதில்லை. ஆனால் என் மனசுக்கு நெருக்கமானது சிலியின் காசியெரோ தெல் தியாப்லோ கார்மெனேர். கார்மெனேர் பிரான்சின் போர்தோவில் இருந்த திராட்சை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேர்ப்பூச்சி தாக்கி அங்கே ஏறக்குறைய அழிந்தே போனது. ஆனால் அதற்கு முன்பே அதன் கொடிகள் கடல் தாண்டிச் சிலிக்குப் போயிருந்தன. அங்கே அதை மெர்லோ என்ற வேறு திராட்சை என்று நினைத்தே வளர்த்தார்கள். 1994-இல்தான் ஒரு பிரெஞ்சு நிபுணர் பார்த்து, இது கார்மெனேர் என்று அடையாளம் சொன்னார். தாய்மண்ணில் இல்லாமல் போய், கப்பலேறிப் போன இடத்தில் வேறு பெயரில் பிழைத்துக்கிடந்த கொடி. தோட்டத்துக்காரனான எனக்கு இதைப் படித்தபோது தொண்டை அடைத்தது. பச்சைமிளகாயைக் கிள்ளினால் வருமே, அப்படி ஒரு வாசம் அதில் உண்டு. சாத்தே (குச்சியில் செருகிச் சுட்ட இறைச்சி) வாங்கிவரும் நாளில் இதைத்தான் திறப்போம்.

80 முதல் 120 வரை இரண்டு வகை. அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் விளையும் மல்பெக் திராட்சை ஒயின் ஒன்று. ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்துக் கிரியான்சா இன்னொன்று. கிரியான்சா என்று போட்டிருந்தால் இரண்டு வருடம் பக்குவப்படுத்தியது, அதில் ஒரு வருடமாவது மரப்பீப்பாயில் இருந்தது என்று அர்த்தம். அமெரிக்க ஓக் மரப் பீப்பாயாக இருந்தால் தேங்காயும் வெனிலாவும் கலந்த வாசம் வரும். துருவின தேங்காய் வாசம் ஒயினிலிருந்து வந்த அன்று நான் அடுக்களையை எட்டிப் பார்த்தேன்.

300 வெள்ளிக்கு மேலான ஒரு போர்தோ ஒயினைப் பரிசாகத் தந்தார்கள். மூன்று வருடம்கூட ஆகாத ஒயின். கெட்டித் தே ஓவாகவே இருந்தது. அது பத்து வருடம் குளிர்ந்த இருட்டறையில் கிடக்க வேண்டியது. 32 டிகிரி வீட்டில் அதற்கு வழியில்லை, அதனால் அந்த வகைக்கு நான் காசு போடுவதில்லை.

மிச்சமிருப்பதைக் காப்பாற்ற ஒரு வழி. போத்தலைத் திறந்த உடனே பாதியை நன்றாகக் கழுவிக் காயவைத்த 375 மில்லி சின்னப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, காற்றில்லாமல் இறுக மூடி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். ஒரு வாரம் தாங்குகிறது. பெரிய போத்தலில் அரைகுறையாக விட்டால் நாலாவது நாள் சோர்ந்துவிடும்.

கடைசியாக ஒன்று. எங்கள் 25-ஆவது திருமண நாளுக்கு 200 வெள்ளிக்குப் பக்கத்தில் கொடுத்து 'பென்ஃபோல்ட்ஸ் பின் 28' என்ற ஒயினை வாங்கினேன், ஷிராஸ்தான். மனைவி முகர்ந்ததும், "ரசத்துக்கு மிளகு தட்டின மாதிரி இருக்குங்க" என்றார். எனக்கு வரவே இல்லை. கிளாஸைச் சுழற்றினேன், மறுநாளும் பார்த்தேன், கறுப்புப் பழ வாசம்தான் வந்தது. தேடிப் படித்தேன். மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற பொருளேதான் ஷிராஸிலும் இருக்கிறதாம், 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர் மூக்குக்கு அது எட்டாதாம். எண்ணெய்ச் சிக்கைத் தூரத்திலிருந்தே பிடிக்கும் என் மூக்கு அந்த ஐந்தில் ஒன்று. இப்போது நோட்டில் ஷிராஸ் பக்கங்களில் மிளகுக்கு ஒரு தனிக் கட்டம் போட்டிருக்கிறேன். அதை மனைவியே தன் கையெழுத்தில் நிரப்புகிறார்.