48,000 போனது கார்புரேட்டருக்கு, கோளாறு இருந்ததோ விரல் நீள வயரில்

என் பழைய கார் நேற்று மறுபடியும் அதே மாதிரி நின்றது. பட்டறைக்குக் கொடுத்த 48,000 ரூபாய்க்கான பில் இன்னும் டேஷ்போர்டு பெட்டிக்குள்தான் கிடக்கிறது. கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலப்பது) பாயின்ட்டும் (ஸ்பார்க்குக்காகக் கரண்டை விட்டு விட்டு அறுக்கும் சுவிட்ச்) உள்ள பழைய கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்குப் பொறுமை இல்லை, அதனால் முன்னே பின்னேதான் இருக்கும்.

கோளாறு இதுதான். ஸ்டார்ட்டிங் சுத்தம், ஐடில் (நின்ற இடத்தில் என்ஜின் ஓடுவது) சுத்தம். கால்வாசி ஆக்ஸிலரேட்டரில் சீராகப் போகும்போது திடீரென்று இழுவை அறுந்துபோகும், ஒன்றிரண்டு நொடியில் ஒரு உதறலோடு திரும்பும். ஒரு நாள் வரவே வராது, மறுநாள் பத்து நிமிடத்தில் நாலு தடவை வரும். இழுவை அறும் அதே கணத்தில், வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே, ஆர்பிஎம் முள் சடாரென்று பூஜ்யத்துக்கு விழும்.

அந்த முள் விஷயத்தை முதல் நாளே சொல்லியாயிற்று. பழைய கார்களை மட்டுமே எடுக்கும் பட்டறை, அவர்களுக்கு இது புரியாமல் இருக்க வழியில்லை. காயிலிலிருந்து (ஸ்பார்க்குக்கு வேண்டிய அதிக வோல்ட்டேஜைத் தருவது) சிக்னல் எடுக்கும் மீட்டராக இருந்தால், பெட்ரோல் வராமல் திணறும்போது முள் என்ஜின் வேகத்தோடு சேர்ந்து மெதுவாகத்தான் இறங்கும். என்ஜின் சுற்றும்போதே முள் செத்து விழுந்தால் காயிலின் பிரைமரி பக்கத்தில், அதாவது பேட்டரி கரண்ட் ஓடும் பக்கத்தில், கரண்ட் அறுகிறது என்று அர்த்தம். இக்னிஷன் சுவிட்ச், அதிலிருந்து காயிலுக்கு வரும் வயர், காயில், பாயின்ட், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) போகும் வயர், இந்த ஐந்தில் ஒன்று. கார்புரேட்டருக்கு இதில் இடமே கிடையாது. (கேபிளில் ஓடும் மீட்டர் வைத்த கார்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.)

ஏமாந்த இடம் எது தெரியுமா? ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் த்ராட்டில் ஸ்பிண்டிலை (ஆக்ஸிலரேட்டர் திறக்கும் தகட்டின் அச்சு) இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார் மெக்கானிக். "பாருங்க சார், எவ்வளவு ஆட்டம்! இது வழியா காத்து இழுக்குது, அதான் வண்டி விட்டு விட்டு இழுக்குது." ஆட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வயசு கார்புரேட்டர் எதிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அந்த வழியாகக் காற்று புகுந்தால் ஐடில் தடுமாறும். ஓட்டத்தில் நுழையும் காற்றின் அளவுக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. கண்ணால் பார்த்த குறை என்பதால் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

கார்புரேட்டர் 31,000, பெட்ரோல் பம்ப் 6,500, காயில் 4,500, கூலி 6,000. ஆக 48,000. பம்ப்பை மாற்றும் முன் ஒரு சோதனையும் செய்யவில்லை. கார்புரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெட்ரோல் விட்டு விட்டு, அழுத்தமாகப் பீச்ச வேண்டும். அது சரியாக இருந்தால் பம்ப்பைக் குறை சொல்ல முடியாது. இரண்டு நிமிட வேலை.

மூன்று நாள் வண்டி தங்கமாக ஓடியது. அதற்கும் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். நான்காம் நாள் பழைய கதை.

போன் செய்தால் முதலில் "புது கார்புரேட்டர் சார், செட் ஆகட்டும்." அடுத்து "பெட்ரோல் சரியில்ல, பங்க்கை மாத்திப் பாருங்க." அப்புறம் "பழைய வண்டின்னா அப்படி இப்படித்தான் சார் இருக்கும்." கடைசியாக "ஓனர் வெளிய போயிருக்கார்." ஓனர் இன்னும் திரும்பி வரவில்லை போலிருக்கிறது. 48,000 வாங்கும்போது மட்டும் வாசலிலேயே நின்றார்.

உண்மையான கோளாறு எங்கே இருந்தது என்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயின்ட்டுக்குப் போகும் அந்த மெல்லிய வயரில். பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை வேக்கும் அட்வான்ஸ் (என்ஜின் உறிஞ்சும் இழுப்பை, அதாவது வேக்குமை, வைத்து ஸ்பார்க் நேரத்தை மாற்றும் அமைப்பு) இழுத்து இழுத்து விடும். ஒவ்வொரு தடவையும் வயர் மடங்கி நிமிரும். வருஷக்கணக்கில் மடங்கி, மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்துவிடும். பல கார்களில் ஐடிலில் வேக்கும் வராது, தட்டு அசையாது, அதனால் பட்டறையில் நிற்கும்போது எல்லாம் நன்றாக இருக்கும். கால்வாசி ஆக்ஸிலரேட்டரில்தான் வேக்கும் அதிகம், அங்கேதான் இழைகள் பிரியும். பட்டறையில் பாயின்ட் செட் பண்ண டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றியபோது வயர் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அந்த மூன்று நாள் சுகம் அதனால் வந்தது.

கண்டுபிடிக்கச் செலவே இல்லை. வேக்கும் பைப்பை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து உருவி, பைப் முனையை அடைத்துவிட்டு ஓட்டுங்கள். கோளாறு காணாமல் போனால் பாதி விடை கிடைத்துவிட்டது. பிறகு அந்த வயரைக் காயிலிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒரு முனையை வயரிலும் மறு முனையை பாயின்ட் ஸ்பிரிங்கிலும் தொட்டுக்கொண்டு தட்டைக் கையால் அசையுங்கள். பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும், குதித்தால் வயர் போயிற்று. மாற்றும்போது வீட்டு வயரிங் துண்டைப் போடாதீர்கள், நிறைய மெல்லிய இழை உள்ள வளையும் வயர்தான் போட வேண்டும். தட்டின் எர்த் வயரையும் கையோடு பாருங்கள்.

இதைவிட வயிற்றெரிச்சல் அந்தப் புதுக் காயில். அளந்தால் பிரைமரி 1.5 ஓம்ஸ். அது பேலாஸ்ட் ரெசிஸ்டரோடு (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தனி ரெசிஸ்டர்) போட வேண்டிய காயில். இந்தக் காரில் பேலாஸ்ட்டே கிடையாது, 3 ஓம்ஸ் காயில்தான் வர வேண்டும். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 4 ஆம்பியர் போக வேண்டிய பாயின்ட்டில் 8 ஆம்பியர். பாயின்ட் கருகிக் குழி விழுந்திருக்கிறது, காயிலைத் தொட்டால் கை சுடுகிறது. இருந்த கோளாறு அப்படியே இருக்க, 48,000-க்கு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. விட்டு விட்டு வரும் கோளாறு என்றால், அது வரும்வரை மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டாமல் எந்தப் பாகத்துக்கும் தலையாட்டாதீர்கள். ஒரே நாளில் மூன்று பாகம் மாற்ற விடாதீர்கள், எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது. காயில் எத்தனை ஓம்ஸ் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்களைக் காசு கொடுக்கும் முன்பே டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.

என் பழைய காயிலைக் கேட்டால் இன்றைக்கும் "தேடுறோம் சார்" என்கிறார்கள்.