வட சென்னை வெள்ளம்: வடிகாலா, கழிமுகமா, சைரனா, எது முதலில்?

வட சென்னையை அடுத்த புயலுக்குத் தயார்படுத்த மூன்று வழி பேசப்படுகிறது: மழைநீர் வடிகால், எண்ணூர் கழிமுகத்தை மீட்பது, முன்னெச்சரிக்கை. மூன்றுமே தேவைதான். ஆனால் பெரிய காசை முதலில் எதில் போடுவது என்று கேட்டால், கழிமுகத்தில் என்பேன்.

வடிகாலைக் குறைத்துச் சொல்லவில்லை. கொசஸ்தலை ஆற்று வடிநிலப் பகுதிக்காக 2021இல் ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது, புதிய வடிகால் மட்டும் 500 கிலோமீட்டருக்கு மேல். தெருவில் நிற்கும் முழங்கால் தண்ணீர் மூன்று நாளுக்குப் பதில் ஒரே நாளில் வடிந்தால், தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு என்று சுற்றிக் கடைசியில் எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் வரவேண்டும். அங்கே மணல் அடைத்து, கடலும் ஏற்றத்தில் இருந்தால், புது வடிகால் வழியாகவே தண்ணீர் தெருவுக்கு எதிர்த்து ஏறும்.

இன்னொன்று, இது தொழிற்சாலைப் பகுதி, இங்கே வெள்ளத்தில் வருவது வெறும் மழைநீர் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்குள் இறங்கியது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. மீனவர்கள் பக்கெட்டும் மக்கும் வைத்து அதை அள்ளினார்கள். வடிகால் தண்ணீரை வேகமாகக் கடத்தும், சரி, எண்ணெயையும் அதே வேகத்தில் கடத்தும்.

கழிமுகம் வேறு மாதிரி வேலை செய்கிறது. ஆற்று வெள்ளம் பரந்து நிற்க இடம் தருகிறது, கடல் ஏறும்போது தாங்கிக்கொள்கிறது. அந்த இடத்தைத்தான் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டோம். அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய்கள் ஒழுகி ஒழுகி ஆற்றின் அடியே மேடாகிவிட்டது, கையால் இறால் தடவிப் பிழைக்கிற இருளர்களின் காலில் சேற்றுக்குப் பதில் சாம்பல் படுகிறது. சாம்பலை அள்ளி, இருக்கிற சதுப்பு நிலத்தில் இனி ஒரு லோடு மண்கூடக் கொட்டவிடாமல் காப்பது வடிகால் கட்டுவதைவிடக் கடினம், ஏனென்றால் அதற்குப் பெரிய நிறுவனங்களோடு மோத வேண்டும், அவற்றில் சில அரசாங்கத்துடையவையே.

முன்னெச்சரிக்கைதான் மூன்றிலும் மலிவு. வெள்ளத்தைக் கணிக்க 2019லேயே சென்னைக்கு சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு வந்துவிட்டது. ஆனால் அதே 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்கள் நெடி தாங்காமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். குப்பத்துக்குக் குப்பம் ஒரு சைரன், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று வருடம் இரண்டு முறை ஒத்திகை, இதற்குக் கடன் எதுவும் வாங்க வேண்டாம், இந்த மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிடலாம். அப்புறம் சாம்பல் அள்ளும் செலவை அதைக் கொட்டியவர்களிடமே வசூலிக்க வேண்டும்.