நடு மடிப்பில் பாட்டி: ஆறு வருடப் போட்டோ புக் அனுபவம்

போன வாரம் எங்கள் முதல் போட்டோ புக்கின் முதுகு விட்டுவிட்டது. அண்ணன் மகள் புரட்டிக்கொண்டிருந்தபோதே நடுவிலிருந்து நாலு தாள் கழன்று அவள் மடியில் விழுந்தது. அதே வாரத்தில் நண்பர் ஒருவர், "வீட்டுப் படங்களைப் புத்தகமாகப் போடலாம் என்றிருக்கிறேன், நீங்கள்தான் போட்டிருக்கிறீர்களே, எந்த பைண்டிங் நல்லது?" என்று கேட்டார். அவருக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இவ்வளவு நீண்டுவிட்டது.

ஆறு வருடத்தில் மூன்று புத்தகங்கள். முதல் இரண்டும் சாதாரணப் பசை பைண்டிங், மூன்றாவது லே-ஃபிளாட், அதாவது விரித்தால் தட்டையாகக் கிடக்கும் வகை. அச்சைப் பற்றிப் பெரிய குறை எதுவும் இல்லை. மூடிய அலமாரியில் வெயில் படாமல் இருப்பதாலோ என்னவோ, நிறம் இன்றுவரை மங்கவில்லை. முதல் புத்தகத்தில் மட்டும் படங்கள் கொஞ்சம் இருட்டாக வந்தன. திரை தானாக ஒளிவிடும், தாள் விடாதே. அடுத்ததிலிருந்து வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி அனுப்புகிறேன், சரியாக வருகிறது.

என் கோபமெல்லாம் நடு மடிப்பின் மேல்தான். பசை பைண்டிங்கில் தாள்களை அடுக்கி, முதுகுப் பக்க ஓரத்தைச் சில மில்லிமீட்டர் சீவிவிட்டு, சூடான பசையில் ஒட்டுகிறார்கள். அப்படி ஒட்டிய புத்தகம் முழுதாக விரியாது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படத்தைப் போட்டால் நடுவில் ஒரு விரல் அகலம் பள்ளத்துக்குள் போய்விடும். கடலோ வானமோ என்றால் பரவாயில்லை. குடும்பப் படத்தில் நடுவில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? வீட்டில் மூத்தவர்தானே! 1987இல் எடுத்த எங்கள் படத்தில் பாட்டி. சுற்றி நிற்கும் 22 பேரும் பளிச்சென்று தெரிகிறார்கள். பாட்டிக்கு மட்டும் ஒரு கன்னம் இந்தப் பக்கம், ஒரு கன்னம் அந்தப் பக்கம். மடியில் இருந்த குழந்தை மொத்தமாகவே பள்ளத்துக்குள்.

வடிவமைக்கும் திரையில் இரண்டு பக்கமும் தட்டையாகத்தான் தெரிந்தன, நடுவில் மெல்லிய புள்ளிக்கோடு மட்டும். இவ்வளவு உள்ளே போகும், முகங்களைத் தள்ளி வையுங்கள் என்று அங்கே ஒரு வரி எழுதியிருக்கலாம். இன்றும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. நியாயமாகச் சொன்னால் என் தப்பும் உண்டு. அது 6 அங்குல அகலமுள்ள பழைய பிரிண்ட். அங்குலத்துக்கு 600 புள்ளி என்று ஸ்கேன் செய்ததில் 3600 பிக்சல் அகலம் கிடைத்தது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 என்று கணக்கு வைத்தால் 12 அங்குலம் வரை துல்லியமாக வரும். எங்கள் புத்தகத்தின் ஒரு பக்கம் 11 அங்குலம். அந்த ஒரே பக்கத்தில் போட்டிருந்தால் பாட்டி முழுதாக இருந்திருப்பார். பாட்டி போன பிறகு போட்ட முதல் புத்தகம், படம் பெரிதாக இருக்கட்டும் என்று 22 அங்குலத்துக்கு இழுத்துவிட்டேன்.

நண்பரே, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செல்போனில் குடும்பக் குழுவுக்கு வந்த படங்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அனுப்பும்போதே அவை சுருங்கிவிடுகின்றன. என்னிடம் இருந்த பல படங்கள் 1600 பிக்சல்தான், அது 5 அங்குலத்துக்குச் சற்றுமேல் தாங்கும். எடுத்தவரிடமே மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், ஸ்கேன் செய்த படங்களுக்கு ஸ்கேன் செய்த தேதிதான் பதிவாகும். தேதி வரிசையில் அடுக்கச் சொன்னால் பழைய படம் போன வருடப் படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் குழப்பத்தைக் கண்டுபிடித்தது அம்மாதான். முதல் புத்தகம் பளபளப்பில்லாத மேட் தாள். பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று நான் பெயர் எதுவும் போடவில்லை. ஒருநாள் பார்த்தால் அம்மா பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். "இடமிருந்து மூணாவது சித்தப்பா, சட்டை பெரியப்பாவோடது." "இது தப்பு, இது அதுக்கு முந்தின வருஷம்." இப்படிப் பக்கம் பக்கமாக. முதலில் பதறினேன். இப்போது வீட்டில் எல்லோரும் முதலில் எடுப்பது அந்தப் புத்தகத்தைத்தான், படத்தோடு சேர்த்து அந்த எழுத்தைப் படிக்க. இரண்டாவது புத்தகம் பளபளத் தாள். அதில் பென்சில் பிடிக்கவில்லை, பேனா மை ஈஷிக்கொள்கிறது. அம்மா இரண்டு பக்கத்தோடு விட்டுவிட்டார்.

லே-ஃபிளாட் புத்தகம் விரிவதில் ஒரு குறை சொல்ல முடியாது. மேசையில் வைத்தால் பலகைபோல விரிகிறது, நடுவில் எதுவும் மறைவதில்லை. ஆனால் தாள்களைப் பின்பக்கத்தோடு பின்பக்கம் ஒட்டுவதால் கனம் அதிகம், அதே தடிமனில் பக்கங்கள் குறைவு. அம்மாவால் மடியில் வைத்துப் பார்க்க முடியாது. அதிலும் யாரும் எதுவும் எழுதவில்லை.

கழன்ற புத்தகத்தை பைண்டரிடம் காட்டினேன். புதுப் பசை பிடிக்க முதுகை இன்னும் கொஞ்சம் சீவ வேண்டும் என்றார். பாட்டியிடமிருந்து இன்னும் கொஞ்சம் போகும் என்றுதான் எனக்குப் பட்டது. வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். புத்தகம் சரியாக அந்த இடத்தில்தான் பிளந்திருக்கிறது. ஆறு வருடமாகப் பாட்டி முகத்தைப் பார்க்க ஆளாளுக்கு அழுத்தி விரித்த இடம்.

வீட்டில் பாட்டி படம் இருந்த இரண்டு தாளையும் மேசையில் ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்தேன். மூக்கின் மேல் ஒரு கோடுதான் விட்டுப்போயிருந்தது. இரண்டு கண்ணும் தெரிந்தன. பாட்டி கேமராவைப் பார்க்கவே இல்லை, குனிந்து மடியில் இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கிறார். அண்ணன் மகள் எட்டிப் பார்த்து, "மடியில இருக்கறது அப்பாவா?" என்றாள்.

நண்பருக்கு என் பதில்: வாங்குவதானால் லே-ஃபிளாட் வாங்குங்கள். நான் அடுத்ததைப் பசை பைண்டிங்கில், மேட் தாளில், ஓரத்தில் அகலமாக இடம் விட்டு, பக்கத்துக்கு ஒரே படமாகப் போடப்போகிறேன். கழன்ற புத்தகத்தின் மற்றத் தாள்களை பைண்டர் ஒட்டித் தருவார். இந்த இரண்டையும் கொடுக்கவில்லை. பள்ளத்துக்குள் பென்சில் நுழையாமல் இத்தனை வருடம் பெயர் எழுதாமல் இருந்தது அந்த இருவருக்கும்தான். அன்று சாயங்காலமே அம்மா எழுதிவிட்டார்.