பிரெண்டா, டபிள்யூடிஐயா: உங்கள் லாட் எந்த எண்ணெயின் பின்னால் போகிறது?

"கச்சா எண்ணெய் ஏறிவிட்டது" என்று செய்தியில் சொன்னால், பெரும்பாலும் அது பிரெண்ட் விலை. எம்சிஎக்ஸில், அதாவது நம் நாட்டுப் பொருள் வணிகச் சந்தையில், நாம் வாங்கி விற்கும் லாட் (ஒப்பந்த அளவு) முடிவில் கணக்குத் தீர்க்கப்படுவது டபிள்யூடிஐ என்ற அமெரிக்க எண்ணெயின் விலையில். இரண்டும் அநேக நாட்கள் ஒரே திசையில் போவதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. 2019 செப்டம்பரில் சவுதியின் அப்கைக் ஆலை தாக்கப்பட்டபோது இரண்டுமே ஒரே நாளில் 15 சதவீதத்தை நெருங்கி ஏறின. அந்த மாதிரி நாளில் எதைப் பார்த்தாலும் ஒன்றுதான்.

பிரெண்ட் வடகடல் எண்ணெய். கப்பலில் ஏற்றினால் எந்த நாட்டுக்கும் போகும். ஓபெக் என்ற எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பின் முடிவு, ஹோர்முஸ் நீரிணைப் பதற்றம், ஆசியாவின் தேவை எல்லாம் அதில் சீக்கிரம் தெரிந்துவிடும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

டபிள்யூடிஐ அப்படியில்லை. அதன் டெலிவரி ஓக்லஹோமா மாநிலத்தில், கடலுக்கு வெகு தொலைவிலுள்ள குஷிங் என்ற சிற்றூரில். எண்ணெய் குழாயில் வந்து தொட்டியில் நிற்கும். குழாயில்தான் வெளியேற வேண்டும். 2011-இல் வடக்கிலிருந்து வந்த எண்ணெய் அங்கே தேங்கியது. லிபியாவில் போர் வேறு. பிரெண்ட், டபிள்யூடிஐயை விட 25 டாலருக்கும் மேல் உயரத்தில் நின்றது. தேங்கியதை வெளிநாட்டுக்கு விற்கவும் வழியில்லை: அமெரிக்கா தன் கச்சா எண்ணெய் ஏற்றுமதித் தடையை நீக்கியதே 2015 டிசம்பரில்தான்.

அப்புறம் 2020 ஏப்ரல் 20. ஊரடங்கால் தேவை சரிந்து, குஷிங் தொட்டிகளில் மிச்சமிருந்த இடத்தையும் யாரோ முன்பே பிடித்துவிட்டார்கள். மறுநாள் முடியவிருந்த மே மாத ஒப்பந்தத்தை வைத்திருந்தவர்களுக்கு எண்ணெயை இறக்க இடமில்லை. விலை மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது, அதாவது எண்ணெயை எடுத்துக்கொள்ள விற்பவரே பணம் கொடுக்கும் நிலை. அதே நாளில் பிரெண்ட் 25 டாலருக்கு மேல்! நம் சந்தை அப்போது மாலை 5 மணிக்கே மூடிக்கொண்டிருந்தது. அன்று கடைசியாகக் கைமாறிய விலை 965 ரூபாய். நியூயார்க் விலை முடிவானதோ நம் நள்ளிரவில். கணக்குத் தீர்த்த விலை மைனஸ் 2,884 ரூபாய். 965 ரூபாயில் வாங்கி வைத்திருந்தவருக்கு 100 பீப்பாய் லாட் ஒன்றுக்கு ஏறக்குறைய 3.85 லட்சம் ரூபாய் நஷ்டம், வெளியேற வழியே இல்லாமல். இதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. பிரெண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த ஆபத்து கண்ணிலேயே பட்டிருக்காது.

சரி, எதைப் பார்ப்பது? எம்சிஎக்ஸில் பொசிஷன் வைத்திருந்தால் டபிள்யூடிஐதான், சந்தேகமே வேண்டாம். வழக்கமாகப் புதன்கிழமை இரவு 8 மணிக்கு, அமெரிக்கக் குளிர்காலத்தில் 9 மணிக்கு, அந்நாட்டு எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் கையிருப்பு அறிக்கை வரும். பலர் மொத்தக் கையிருப்பை மட்டும் பார்த்துவிட்டு ஆர்டர் போடுகிறார்கள். அதிலேயே குஷிங்குக்குத் தனி எண் இருக்கிறது. எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் நாள்) நெருங்கும் வாரத்தில் எனக்கு அதுதான் முக்கியம். கூடவே இந்த மாத ஒப்பந்தம் அடுத்த மாதத்தை விட எவ்வளவு மலிவு என்று பாருங்கள். அந்த இடைவெளி விரிந்துகொண்டே போனால் தொட்டிகள் நிரம்புகின்றன என்று சந்தேகப்படலாம். டாலர் மதிப்பையும் விடாதீர்கள்: நியூயார்க்கில் விலை அசையாமல் ரூபாய் மட்டும் சரிந்தாலும் நம் திரையில் எண்ணெய் ஏறும்.

எண்ணெய் நிறுவனப் பங்குகளில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. இந்தியா வாங்கும் எண்ணெய்க்கான சராசரி விலை ஓமன், துபாய், பிரெண்ட் விலைகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அவர்களுக்கு குஷிங்கை விட வளைகுடாதான் பக்கம்.